எல் 5 – எஸ் 1 டிஸ்க் விலகலுக்கு அக்குபஞ்சர்: ஆராய்ச்சி ஏதும் உண்மையில இருக்கோ?

நிண்டநிலை:

எல்லாருக்கும் வணக்கம். நீளமா எழுதப்போறன், குறை நினைக்காதேங்கோ. கதிரையில பத்து நிமிசத்துக்கு மேல இருக்க ஏலாது, அதால ஃபிரிட்ஜுக்கு மேல லப்டொப்ப வச்சு நிண்டுகொண்டுதான் இத அடிக்கிறன்.

வயசு 43, வெள்ளவத்தை. வேலை புறக்கோட்டையில, கணக்குப் பாக்கிறது, காலம இருந்து பின்னேரம் மட்டும் கதிரைதான். மார்ச் மாசம் லிப்ட் பழுதாப்போன ஒரு நாள் காஸ் சிலிண்டர தூக்கிக்கொண்டு மூண்டாம் மாடி ஏறினன், வீரம்தான் வேற என்ன. மேல வந்து குனிஞ்சு வைக்கேக்க நாரிக்குள்ள சடக்கெண்டுது. நாரிப்பிடிப்பு எண்டு நினைச்சு நாலஞ்சு நாள் சித்தாலேப பூசிக்கொண்டு படுத்திருந்தன். நாரி நோ குறைஞ்சுது, ஆனா அது அப்பிடியே காலுக்குள்ள இறங்கீட்டுது. வலது பக்கம் குண்டியில தொடங்கி பின்தொடை, கெண்டைக்கால், பிறகு சின்ன விரல் மட்டும் கரண்ட் அடிச்ச மாதிரி. தும்மினா ஐயோ எண்டு கத்துறன், பிள்ளைகள் சிரிக்குதுகள்.

இப்ப அஞ்சு மாசம். சேனல் பண்ணி ஒரு பெரிய டொக்டரிட்ட காட்டி எம்ஆர்ஐ எடுத்தது, எல் 5 – எஸ் 1ல, அதாவது முள்ளந்தண்டின்ர அடியில நாரி எலும்புகளுக்கு நடுவில, டிஸ்க் விலகி நரம்ப அழுத்துதாம். பிரிகபலின் எண்ட நரம்பு நோ மாத்திரை தந்தவர், குடிச்சா தலை சுத்துது, ஒபிசில ஒரு கணக்க ரெண்டு தரம் கூட்டி ரெண்டு விடை எடுத்தன். பிசியோ ஆறு தரம் போனன். "இன்னும் ஒரு மாசம் பாப்பம், குறையாட்டி ஒப்பரேஷன் பற்றி கதைப்பம்" எண்டுட்டார்.

இதுக்கிடையில மனிசியோட வேலை செய்யுற அக்கா ஒராள் ஒரு அக்குபஞ்சர் இடம் சொன்னவ. போய்ப் பாத்தன். அந்த மனிசன் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேர ரெண்டு எம்ஆர்ஐ படத்த தூக்கிப் பிடிச்சு "இது வரேக்க, இது 12 தரம் குத்தினாப்பிறகு, டிஸ்க் உள்ள போன வடிவப் பாருங்கோ" எண்டு காட்டுறார். உண்மையிலயே முதல் படத்தில பிதுங்கி நிண்டது ரெண்டாவதில இல்ல. ஒரு தரத்துக்கு 4,000 ரூபா, 12ம் சேர்த்து முன்கூட்டியே கட்டினா 42,000. "சீனாவில பெரிய ஆராய்ச்சி செய்து நிரூபிச்சாச்சு, அமெரிக்கன் ஜேர்னலிலயே வந்திருக்கு" எண்டார்.

எனக்கு ரெண்டு கேள்விதான். அப்பிடி ஆராய்ச்சி இருக்கோ? ஊசி குத்தினா டிஸ்க் உள்ள போகுமோ? காசு கட்ட முதல் கேப்பம் எண்டு வந்தன். "எனக்கு மாறினது, உங்களுக்கும் மாறும்" வகை பதிலும் பரவாயில்ல, ஆனா தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் விவரமாச் சொல்லுங்கோ.

ஜிந்துப்பிட்டி_கார்த்தி:

அண்ணே தயவுசெஞ்சு முன்பணம் கட்டாதீங்க. நான் 2019ல இதே மாதிரி ஒரு எடத்துல ஐம்பதாயிரத்துக்கு மேல குடுத்தவன். ஊசி, எண்ணெய், கப்பு வச்சு உறிஞ்சுறது எல்லாம். மூணாவது வாரம் வலது கால் பாதம் தூக்க முடியல, செருப்பு தானா கழண்டு விழுது, படியில தடுக்குது. அவங்ககிட்ட சொன்னா "விஷம் எறங்குது, நல்ல அறிகுறி"ங்கிறாங்க. நானும் நம்பி இன்னும் பத்து நாள் போனேங்க, அதுதான் என் முட்டாள்தனம். கடைசில பெரியாஸ்பத்திரில ஒப்பரேஷன். வலி போயிடுச்சு, பாதத்துல பலம் முழுசா வர ஒரு வருஷம் ஆச்சு.

ஆராய்ச்சின்னு சொல்றாங்களே, அமெரிக்காவுல ஊசிக்கு பதிலா பல்லுக்குத்துற குச்சிய வச்சு சும்மா தோல்ல அழுத்திப் பாத்தாங்க, ரெண்டுக்கும் ஒரே ரிசல்ட். பல்லுக்குச்சிக்கு எதுக்கு 4,000 ரூபா? உங்க சமையல்கட்டுலயே இருக்கும்.

ரஞ்சி_அக்கா:

தம்பி எனக்கு மாறினது. 😊 ஆனா எனக்கு டிஸ்க் இல்ல, நாரி நோ மட்டும்தான். எங்கட ஐயாவும் எண்பதுகளில களுபோவில ஆஸ்பத்திரிக்கு அக்குபஞ்சருக்குப் போனவர். அப்ப அங்க டொக்டர் அன்டன் ஜயசூரிய இருந்த காலம், வெளிநாட்டுக்காரர் கனபேர் வந்து நிண்டு படிச்சுக்கொண்டிருப்பினம், ஐயாட முதுகில ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைதான் ஊசி குத்தினது எண்டு சாகும் மட்டும் பெருமையாச் சொல்லுவார். எல்லாரையும் கள்ளர் எண்டு சொல்லக்கூடாது. பயப்பிடாதேங்கோ, நோகாது, நுளம்பு கடிச்ச மாதிரித்தான்.

முள்ளந்தண்டு:

நான் பிசியோதெரபிஸ்ட், கொழும்பில அரசாங்க ஆஸ்பத்திரி ஒண்டில வேலை. அக்குபஞ்சர் செய்யிறேல்ல, ஆனா ஒவ்வொரு கிழமையும் ஆராவது இதே கேள்விய கேக்கிறபடியா தேடி வாசிச்சு வச்சிருக்கிறன்.

அண்ணை, உங்கட முதல் கேள்விக்கு: ஓம், இருக்கு. அந்த மனிசன் சொன்னது பொய்யில்ல. 2024 ஒக்டோபரில ஜாமா இன்டர்னல் மெடிசின் எண்ட ஜேர்னலில வந்தது. சீனாவில ஆறு பெரிய ஆஸ்பத்திரி, டிஸ்க் விலகி நாள்பட்ட சயாட்டிக்கா (நரம்பு அழுத்தி காலுக்கு இறங்கிற நோ) உள்ள 220 பேர், அதாவது உங்கட கேஸேதான். நாரி நோ ஆராய்ச்சி எக்கச்சக்கம் இருக்கு, காலுக்கு இறங்கின நோவுக்கு எண்டே பிரிச்சுச் செய்தது குறைவு, அதால இது முக்கியம். பாதிப் பேருக்கு உண்மையான அக்குபஞ்சர், பாதிப் பேருக்கு போலி அக்குபஞ்சர் (உண்மை மாதிரி நடிச்சுச் செய்யிறது), நாலு கிழமைக்குள்ள 10 தரம். கால் நோவ 100 மில்லிமீட்டர் கோடு ஒண்டில குறிக்கச் சொல்லி அளந்தவை. நாலு கிழமையில உண்மையான ஊசிக்காரருக்கு 30.8 குறைஞ்சுது, போலி ஊசிக்காரருக்கு 14.9. நாளாந்த வேலைகள் எவ்வளவு ஏலுது எண்டு பாக்கிற 100 புள்ளி அளவில முதலாவது கூட்டத்துக்கு 13, மற்றதுக்கு 4.9 குறைஞ்சுது. வித்தியாசம் ஒரு வருசம் மட்டும் நிண்டது.

இப்ப இத வடிவாப் பாருங்கோ. போலி ஊசியிலயே 15 குறைஞ்சிருக்கு. அதாவது உண்மையான ஊசிக்குக் கிடைச்ச குறைவில கிட்டத்தட்டப் பாதி, காலம் போனதாலயும் ஒராள் கவனமாப் பாத்ததாலயும் வந்தது. மிச்சப் பாதிதான் ஊசியிட கணக்கு. அது சின்ன விசயமில்ல, ஆனா நோ முழுசா மறைஞ்சுது எண்டும் ஆரும் எழுதேல்ல. ஊசி குத்துறவருக்கு தான் குத்துறது எது எண்டு தெரியும், அத மறைக்க வழியில்ல, இந்தத் துறை முழுக்க இருக்கிற தலையிடி அது. எல்லாரும் ஒரே நாட்டு ஆக்கள், அக்குபஞ்சர் மேல ஏற்கனவே நம்பிக்கை உள்ள நாடு. வேற நாட்டில இன்னொரு கூட்டம் இத திருப்பிச் செய்து இதே விடை வந்தா நான் இன்னும் தைரியமாச் சொல்லுவன்.

ரெண்டாவது கேள்வி, டிஸ்க் உள்ள போகுமோ எண்டது, அதுக்கு முதல் உங்கட எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில என்ன வார்த்தை இருக்கு எண்டு பாத்துச் சொல்லுங்கோ. பல்ஜ், புரொட்ரூஷன், எக்ஸ்ட்ரூஷன், சீக்வெஸ்ட்ரேஷன், இதில ஒண்டு இருக்கும், டிஸ்க் எவ்வளவு பிதுங்கியிருக்கு எண்டத குறைவில இருந்து கூடச் சொல்லுற வார்த்தைகள். படம் வேண்டாம், வார்த்தை காணும்.

கார்த்தி, உங்களுக்கு நடந்தத வாசிச்சு வயிறெரியுது. பாதம் தூக்க ஏலாமப் போறது நல்ல அறிகுறியே இல்ல, நரம்பு சாகுது எண்டு கத்துறது அது.

பல்லுக்குச்சி விசயம் உண்மை, ஆனா முழுக் கதைய சொல்லோணும். 2009ல அமெரிக்காவில 638 பேர வச்சுச் செய்தது. ஊசிக் குழாய்க்குள்ள பல்லுக்குச்சிய வச்சு தட்டி, திருகி, உண்மையில குத்துற மாதிரியே நடிச்சவை, படுத்திருக்கிற ஆளுக்குத் தெரியாது. எட்டுக் கிழமையில ஊசிக்காரரும் குச்சிக்காரரும் 60 வீதமளவில நல்லா முன்னேறினவை, வழக்கமான வைத்தியம் மட்டும் எடுத்தவை 39 வீதம். அதாவது ஊசிக்கும் குச்சிக்கும் வித்தியாசமில்ல எண்டது சரி, ஆனா ரெண்டும் வழக்கமான வைத்தியத்த வெண்டுது. ஜேர்மனியில 2007ல 1,162 பேரில செய்ததும் அதே மாதிரித்தான்: உண்மை 47.6, போலி 44.2, வழக்கமானது 27.4 வீதம். இது ரெண்டும் நாள்பட்ட நாரி நோவுக்கு, ரஞ்சி அக்காவிட கேஸ். அண்ணையிட கால் நோவுக்கு இத தூக்கி வைக்க ஏலாது. சீன ஆராய்ச்சியில போலியும் உண்மையும் பிரிஞ்சு நிண்டதுதான் புதுசு.

நிண்டநிலை:

தங்கச்சியோ தம்பியோ தெரியாது, மெத்தப் பெரிய உபகாரம். ரிப்போர்ட்ட எடுத்துப் பாத்தன். எக்ஸ்ட்ரூஷன் எண்டு போட்டிருக்கு. நான் இவ்வளவு நாளும் எல்லாருக்கும் பல்ஜ் எண்டெல்லோ சொல்லிக்கொண்டு திரிஞ்சன். நெட்டில தேடினா அது பல்ஜ விட மோசமாம். மனிசிக்கு இன்னும் சொல்லேல்ல. இரவு நித்திரையில்ல.

முள்ளந்தண்டு:

அண்ணை நித்திரை கொள்ளுங்கோ, மனிசிக்கும் சொல்லுங்கோ. தங்கச்சிதான் நான்.

உங்களுக்கு வந்தது கேக்கப் பயங்கரம், ஆனா சுருங்கிற விசயத்தில நல்ல பக்கம். ஒப்பரேஷன் இல்லாம விட்ட ஆக்களிட டிஸ்க் தானா எவ்வளவு சுருங்குது எண்டு 2015ல பழைய ஆய்வுகள எல்லாம் கூட்டிப் பாத்தவை. வெறும் பல்ஜ் 13 வீதம், புரொட்ரூஷன் 41, எக்ஸ்ட்ரூஷன் 70, துண்டா கழண்டு விழுந்த சீக்வெஸ்ட்ரேஷன் 96 வீதம். பிதுங்கல் எவ்வளவு மோசமோ அவ்வளவு நல்லாச் சுருங்குது.

ஏன் எண்டா, மோதகம் அவிக்கேக்க மா வெடிச்சு உள்ளுக்க இருக்கிற பயறும் சக்கரையும் வெளிய வருமெல்லோ, அதுதான் எக்ஸ்ட்ரூஷன். பல்ஜ் எண்டா மா வெடிக்கேல்ல, ஒரு பக்கம் பொம்மி நிக்குது, அவ்வளவுதான். டிஸ்கின்ர உள்பகுதி சாதாரணமா ரத்தத்தோட தொடுப்பில்லாம ஒளிஞ்சிருக்கிற சாமான். அது வெளிய வந்து ரத்தம் ஓடுற இடத்தில பட்ட உடன உடம்பு "இது ஆர் புது ஆள்" எண்டு பாத்து, கழிவு தின்னுற வெள்ளைக் கலங்கள அனுப்பி கொஞ்சங் கொஞ்சமாச் சாப்பிடுது. ஆரம்பத்தில உங்களுக்கு அவ்வளவு எரிவு இருந்ததுக்கும் பாதிக் காரணம் இந்த அழற்சிதான். அது உங்களுக்கு உபத்திரவம், டிஸ்குக்கு வைத்தியம்.

இப்ப அந்த ரெண்டு படத்துக்கு வாறன். முதல் படம் எடுத்து பல மாசம் கழிச்சு ரெண்டாவது எடுத்தா, எக்ஸ்ட்ரூஷன் உள்ள பத்துப் பேரில ஏழு பேருக்கு, நடுவில ஊசி குத்தினாலும் கோயிலில தேங்காய் உடைச்சாலும் கொஞ்சமாவது சுருங்கித்தான் இருக்கும். அவர் கள்ளப் படம் காட்டினார் எண்டு நான் சொல்லேல்ல. ஆனா சுருங்காத ஆக்களிட படத்த ஜன்னலுக்குப் பிடிச்சிருக்க மாட்டார். சீன ஆராய்ச்சியின்ர முக்கிய அளவும் கால் நோவும் நாளாந்த வேலையும்தான், "டிஸ்க் உள்ள போச்சு" எண்டு நிரூபிச்ச ஆராய்ச்சி அதில்ல. நோவக் குறைக்கலாம் எண்டதுக்கு ஆதாரம் இருக்கு, டிஸ்க தள்ளும் எண்டது கடைக் கதை. அவர் முதலாவதுக்கு உள்ள ஆதாரத்தக் காட்டி ரெண்டாவத விக்கிறார்.

இன்னொண்டு, ஒரு நோவும் இல்லாத ஆக்கள எம்ஆர்ஐ எடுத்தாலே 20 வயசுக்காரரில 30 வீதத்துக்கு பல்ஜ் இருக்கு, 80 வயசில 84 வீதம். படத்தில என்ன தெரியுது எண்டதும் உங்களுக்கு எவ்வளவு நோகுது எண்டதும் எப்பவும் கைகோத்துக்கொண்டு போறேல்ல. டிஸ்க் அப்பிடியே இருக்கேக்க நோ போன ஆக்கள் எங்கட கிளினிக்கில எத்தினை பேர்.

பிரிகபலின் பற்றி: சிட்னியில 209 பேரில செய்து 2017ல வந்த ஆராய்ச்சியில சயாட்டிக்காவுக்கு அது மருந்தில்லாத வெறும் மாத்திரைய விட மேலில்ல எண்டு வந்தது, தலைசுத்து மட்டும் கூட. ஆனா நீங்களா டக்கெண்டு நிப்பாட்டாதேங்கோ, படிப்படியாக் குறைக்கிற மருந்து அது, உங்கட டொக்டரோட கதையுங்கோ.

தெஹிவள_நானா:

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். எனக்கும் இதே வருத்தம் 2022ல வந்த. பெற்றோல் கியூல மூணு நாள் த்ரீவீல கையால தள்ளித் தள்ளி. அப்ப வைத்தியம் செய்ய சல்லியும் இல்ல, போக வாகனமும் இல்ல, ஊட்டுலயே ஈந்த. காலையில பீச்ல மெல்ல மெல்ல நடந்த, அவ்வளவுதான். நாலு மாசத்துல தானா சொகமாகின, அல்ஹம்துலில்லாஹ். அந்த நேரம் ஆராவது வந்து ஊசி குத்தி ஈந்தா நான் இண்டைக்கு அவருக்குத்தான் துஆ செஞ்சிக்கிட்டு ஈப்பன் 😄

தங்கச்சி ஒரு சந்தேகம். லண்டன்ல ஈக்கிற மகன் சொல்ற, அங்க அரசாங்கம் இத செய்ய வேணாம்னு சொல்லீக்கின்டு. அப்ப சீனா சரியா லண்டன் சரியா?

முள்ளந்தண்டு:

நானா, பெற்றோல் கியூ டிஸ்க் கேஸுகள் அந்த வருசம் எங்களுக்கு வரிசையா வந்தது, நீங்கள் தனியாள் இல்ல.

மகன் சொல்றது சரி. அங்க எந்த வைத்தியம் குடுக்கலாம் எண்டு சொல்லுற நைஸ் எண்ட அமைப்பு 2009ல நாரி நோவுக்கு அக்குபஞ்சர் 10 தரம் மட்டும் குடுத்துப் பாக்கலாம் எண்டுது. அதே அமைப்பு 2016ல, நாரி நோவுக்கும் சயாட்டிக்காவுக்கும் குடுக்க வேண்டாம் எண்டு மாத்தீட்டுது, போலி ஊசிக்கும் உண்மைக்கும் போதிய வித்தியாசம் இல்ல எண்டதுதான் வாதம். 2020ல கொக்ரேன் எண்ட மருத்துவ ஆய்வுகள மதிப்பிடுற அமைப்பு 33 ஆய்வுகள கூட்டிப் பாத்ததும் நாரி நோவுக்கு அதே முடிவுதான். அதே 2020ல அமெரிக்காவில முதியோருக்கான அரச காப்புறுதி நாள்பட்ட நாரி நோவுக்கு 90 நாளில 12 தரம் காசு குடுக்கத் தொடங்குது. 2023 கடைசியில உலக சுகாதார நிறுவனமும் நாள்பட்ட நாரி நோவுக்கு ஊசி முறைகள நிபந்தனையோட சேத்துக்கொண்டுது. எல்லாரும் ஏறக்குறைய ஒரே ஆய்வுகளத்தான் வாசிக்கினம். போலி ஊசிய வெல்லோணும் எண்டு கேட்டா ஒரு விடை, ஒண்டும் செய்யாததை வெண்டா காணும் எண்டு கேட்டா இன்னொரு விடை. சீன சயாட்டிக்கா ஆராய்ச்சி இதுகள் எல்லாத்துக்கும் பிறகு வந்தது.

நிண்டநிலை அண்ணை, நான் உங்கட இடத்தில இருந்தா? 42,000 கட்ட மாட்டன். ஒவ்வொரு தரத்துக்கும் காசு குடுத்து நாலு தரம் பாப்பன். ஒவ்வொரு நாளும் எத்தினை நிமிசம் கதிரையில இருக்க ஏலுது எண்டு கலண்டரில எழுதுவன், "இப்ப பரவாயில்ல போல" எண்ட கணக்கெல்லாம் உங்கட தொழிலுக்கே பிடிக்காது. ஊசி உங்களுக்கு முன்னால பக்கெட் கிழிச்சு எடுக்கோணும், ஒருக்கா பாவிச்சா எறியோணும். ரத்தம் கட்டியாகாம இருக்க மருந்து குடிக்கிறீங்களெண்டா முதலே சொல்லோணும். நடக்கிறத நிப்பாட்டாதேங்கோ. பிசியோ ஆறு தரத்தில என்ன சொல்லித் தந்தவை எண்டும் எழுதுங்கோ, சூட்டு விளக்குக்குக் கீழ படுக்க வச்சதெல்லாம் நான் பிசியோ எண்டு கணக்கெடுக்கிறேல்ல (என்ட ஆக்களே கோவிப்பினம்).

இத மட்டும் பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜில ஒட்டுங்கோ: சலம் போக முட்டுது ஆனா போகுதில்ல, இல்லாட்டி தெரியாமப் போகுது, சைக்கிள் சீற்றில படுற இடம் விறைச்சுப் போச்சு, ரெண்டு காலும் பலமில்லாமப் போகுது, இதில எது வந்தாலும் அண்டைக்கே, இரவு ரெண்டு மணியெண்டாலும், 1990 அம்புலன்ஸுக்கு அடிச்சு ஆஸ்பத்திரிக்கு. விடியட்டும், சேனல் பண்ணுவம் எண்டு இருக்கக்கூடாது. கார்த்திக்கு வந்த மாதிரி பாதம் விழுந்தாலும் ஊசிக்காரரிட்ட இல்ல, டொக்டரிட்ட.

ஜிந்துப்பிட்டி_கார்த்தி:

சரி அக்கா, பல்லுக்குச்சிய பாதி வாபஸ் வாங்கிக்கிறேன். மீதிப் பாதி அப்படியே இருக்கட்டும். அண்ணே, ஒப்பரேஷன்னு வந்தாலும் ரொம்ப பயப்படாதீங்க. ஒழுங்கான காரணத்துக்கு ஒழுங்கான நேரத்துல செஞ்சா நல்லதுதான், நான் சாட்சி.

முள்ளந்தண்டு:

அதுவும் சரி. நெதர்லாந்தில 2007ல கடும் சயாட்டிக்காக்காரர் 283 பேரில ஒரு பாதிய உடன வெட்டி, மற்றப் பாதிய பொறுத்துப் பாத்தவை. வெட்டினவைக்கு நோ கெதியாக் குறைஞ்சுது. ஒரு வருசத்தில ரெண்டு பக்கமும் 95 வீதம் சுகம். பொறுத்த பக்கத்திலயும் 39 வீதம் பேர் தாங்கேலாம பிறகு வெட்டினவைதான். பலம் குறையாத மட்டும் அவசரமில்லை, ஆனா பொறுத்தே ஆகோணும் எண்டும் சட்டமில்ல.

நிண்டநிலை (மூண்டு கிழமைக்குப் பிறகு):

சொன்ன மாதிரி தரத்துக்குத் தரம் காசு குடுக்கிறன் எண்டு அந்தப் படம் காட்டின மனிசனிட்ட கேட்டன். முகம் கோணினார், "முழுசாச் செய்யாட்டி பலன் இல்ல" எண்டார். வேற ஒரு இடம் பிடிச்சன், அங்க இருந்தது எம்பிபிஎஸ் படிச்ச ஒரு டொக்டர் அம்மா, அவவிட்ட டிஸ்க் உள்ள போகுமோ எண்டு கேட்டன், "அத நான் சொல்ல மாட்டன், கால் நோ குறையலாம்" எண்டா. அந்தப் பதிலுக்கே 3,500 குடுக்கலாம் போல இருந்துது. நாலு தரம் போட்டாச்சு. பிட்டத்தில ஒரு ஊசி போடேக்க கெண்டைக்கால் மட்டும் ஒரு பாரமான இழுவை, நுளம்புக் கடி இல்ல ரஞ்சி அக்கா, அது பொய்.

கலண்டர்க் கணக்கு: முதல் கிழமை 10, 10, 12, 8 நிமிசம். ரெண்டாவது 12, 15, 15, நடுவில ஒரு நாள் 5 (மழைக்கு ஓடினன்). இந்தக் கிழமை 20, 25. நேற்று நூறாம் நம்பர் பஸ்ஸில கொள்ளுப்பிட்டி மட்டும் இருந்துகொண்டே போனன், மார்ச்சுக்குப் பிறகு முதல் தரம். பிரிகபலினையும் டொக்டரிட்ட கேட்டு பாதியாக் குறைச்சாச்சு, கணக்கு இப்ப ஒரு விடைதான் வருது.

ஊசியோ, அந்த வெள்ளைக் கலங்கள் மோதகத்தச் சாப்பிட்டு முடிச்சிட்டுதோ, காலம தங்கச்சி சொல்லி நடக்கிற நடையோ, எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியேல்ல. மனிசி ஊசி எண்டுறா. அம்மா கதிர்காமத்துக்கு வச்ச நேத்தி எண்டுறா. இன்னும் ரெண்டு தரம் போட்டுப் பாத்திட்டு நிப்பாட்டப் போறன்.

சுபா_தெமட்டகொட:

அண்ணா அந்த டொக்டர் அம்மாட நம்பர இன்பொக்ஸ் பண்ணுவீங்களா? மாமிக்கு முழங்கால் நோ.